ஐந்து டாலர் திருட்டும் பென்சிலில் எழுதிய மனுவும்

சட்டம் படிக்கிறேன் என்று சொன்னதும் உறவினர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். இந்த வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும்? இதற்கு எந்த வழக்கறிஞரைப் பிடிப்பது? இரண்டாம் ஆண்டு மாணவியான என்னால் இரண்டுக்கும் முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. ஆனால் இந்த இரண்டு கேள்விகளும் ஒரு மனிதனுடைய விதியை எந்த அளவுக்குத் தீர்மானிக்கும் என்பதை ஒருவருடைய வாழ்க்கையைப் படித்தபோது உணர்ந்தேன். அவர் பெயர் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன்.

அமெரிக்கச் சட்டம் படிக்கும் எவரும் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. இத்தனைக்கும் அவர் நீதிபதியோ வழக்கறிஞரோ தலைவரோ அல்லர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பலமுறை சிறைக்குப் போய் வந்தவர். சூதாடிச் சாப்பிட்டவர். பாடப் புத்தகத்தில் இடம் பிடிக்கும் மனிதர்களின் சாயல் அவரிடம் எதுவும் இல்லை.

1910ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்தில் ஹானிபல் என்ற சிற்றூரில் பிறந்தார் கிடியன். எழுத்தாளர் மார்க் ட்வைன் வளர்ந்ததும் இதே ஊர்தான். மூன்று வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். வீட்டுக் கட்டுப்பாடு பிடிக்காமல் பதினான்கு வயதில் வீட்டை விட்டு ஓடிய சிறுவன், இரண்டொரு ஆண்டுகளில் திருட்டுக் குற்றத்துக்காகச் சீர்திருத்தப் பள்ளியில் இருந்தான். அதன்பிறகு அவருடைய வாழ்க்கை ஒரே வட்டத்தில் சுற்றியது. கொஞ்ச நாள் வேலை, பிறகு ஒரு திருட்டு, பிறகு சிறை. மிசூரி, டெக்சஸ் என்று மாநிலச் சிறைகளில் இருந்தார். 1930களில் அரசாங்கப் பொருளைத் திருடியதற்காக லெவன்வொர்த்தில் உள்ள கூட்டரசுச் சிறையிலும் இருந்தார். இந்தக் கடைசிச் சிறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாநிலச் சிறை வேறு, கூட்டரசுச் சிறை வேறு என்பதுதான் பின்னால் கதையின் முடிச்சாகப் போகிறது.

1950களில் அவருக்குக் காசநோய் வந்தது. நீண்ட காலம் மருத்துவமனையில் கிடந்தார். அதற்குள் நான்காவது திருமணமும் பிள்ளைகளும். மின்சார வேலை தெரியும்; கிடைத்தபோது செய்தார். கிடைக்காதபோது சீட்டாடினார். இப்படித்தான் புளோரிடா மாநிலத்தின் பனாமா சிட்டி என்ற கடலோர நகரத்துக்கு வந்து சேர்ந்தார். ஐம்பதே வயதுதான், ஆனால் அக்காலப் படங்களில் நரைத்து ஒடுங்கி, எழுபது வயதுக்காரர்போல் தெரிகிறார்.

1961 ஜூன் 3ஆம் தேதி விடியற்காலையில் அந்த நகரத்தில் 'பே ஹார்பர்' என்ற பில்லியர்ட்ஸ் கூடத்தை யாரோ உடைத்துப் புகுந்திருந்தார்கள். சிகரெட் விற்கும் இயந்திரத்தையும் காசு போட்டால் பாடும் பாட்டுப் பெட்டியையும் உடைத்திருந்தார்கள். போனது சுமார் ஐந்து டாலர் சில்லறை, சில பீர் புட்டிகள், குளிர்பானங்கள். கிடியனை அந்தக் கூடத்துக்குள் கண்டதாகவும், அவர் வெளியே வந்து தொலைபேசியில் டாக்சியை அழைத்ததாகவும் ஓர் இளைஞர் போலீசாரிடம் சொன்னார். கிடியனைப் பிடித்தபோது அவருடைய சட்டைப்பையிலும் காற்சட்டைப் பையிலும் 25 டாலர் அளவுக்குச் சில்லறைக் காசு இருந்தது. பழைய குற்றவாளி, பை நிறைய சில்லறை, கண்ணால் கண்டதாக ஒரு சாட்சி. போலீசாருக்கு வேறென்ன வேண்டும்?

அந்த ஆண்டு ஆகஸ்டு 4ஆம் தேதி வழக்கு விசாரணைக்கு வந்தது. தான் விசாரணைக்குத் தயாராக இல்லை என்றார் கிடியன். ஏன் என்று கேட்டார் நீதிபதி. தனக்கு வழக்கறிஞர் இல்லை, வைத்துக்கொள்ளப் பணமும் இல்லை, நீதிமன்றமே ஒருவரை நியமிக்க வேண்டும் என்றார். மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தால் மட்டுமே ஏழைக்கு வழக்கறிஞரை நியமிக்க புளோரிடா சட்டம் இடம் தருகிறது என்று நீதிபதி விளக்கி, வருத்தத்தோடு மறுத்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் தனக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறதே என்று கிடியன் விடாமல் சொன்னார்.

இங்கேதான் வேடிக்கை. அன்றைய சட்டப்படி நீதிபதி சொன்னதுதான் சரி. அப்படி ஓர் உரிமையை உச்ச நீதிமன்றம் அவருக்குத் தந்திருக்கவில்லை.

இது புரிய வேண்டுமானால் அமெரிக்க நீதிமன்றங்களின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரவேண்டும். நம் நாடும் கூட்டரசு நாடுதான். ஆனால் நம்மிடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து புத்ராஜெயாவில் உள்ள கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் ஒரே ஏணிதான். ஷரியா நீதிமன்றங்களும் சபா, சரவாக்கின் சுதேசி நீதிமன்றங்களும்தான் மாநிலங்களைச் சேர்ந்தவை. ஜொகூரில் திருடினாலும் கெடாவில் திருடினாலும் பொருந்துவது ஒரே தண்டனைச் சட்டம்.

அமெரிக்காவில் இரண்டு ஏணிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஐம்பது மாநிலங்களில் ஒவ்வொன்றுக்கும் சொந்தக் குற்றவியல் சட்டம், சொந்த நீதிமன்றங்கள், சொந்தச் சிறைகள் உண்டு. கொலை, கொள்ளை, வீடு புகுந்து திருடுவது போன்ற பெரும்பாலான குற்றங்கள் மாநில நீதிமன்றத்துக்கே போகும். கூட்டரசு நீதிமன்றம் என்பது நாடாளுமன்றம் இயற்றிய கூட்டரசுச் சட்டங்களுக்கானது. கூட்டரசு வரி ஏய்ப்பு, தபால் வழி மோசடி, குடிநுழைவுக் குற்றங்கள், மாநில எல்லை தாண்டிய கடத்தல் ஆகியவை அங்கே விசாரிக்கப்படும். இன்று நாடு முழுவதும் 94 மாவட்ட நீதிமன்றங்கள், அவற்றுக்கு மேல் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம். மாநில ஏணியில் ஏறி வந்த வழக்கும் இந்த உச்ச நீதிமன்றத்தைத் தொடலாம். ஆனால் நாட்டின் அரசமைப்புச் சட்டத்தையோ கூட்டரசுச் சட்டத்தையோ பற்றிய கேள்வி அதில் இருக்க வேண்டும். தீர்ப்பு பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞரின் துணை உண்டு என்று அமெரிக்க அரசமைப்பின் ஆறாவது திருத்தம் 1791லேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் திருத்தம் கட்டுப்படுத்தியது கூட்டரசை மட்டுமே. பணம் இல்லாதவருக்கு வழக்கறிஞரை நியமித்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1938இல் தீர்ப்பளித்தபோதும் அது கூட்டரசு நீதிமன்றங்களுக்கு மட்டுமான தீர்ப்பாகவே இருந்தது. மாநிலங்களின் கதை வேறு. 1932இல் அலபாமாவில் மரண தண்டனை விதிக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களின் வழக்கில், உயிர் போகும் வழக்குகளுக்கு மட்டும் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. 1942இல் பெட்ஸ் என்ற ஏழைப் பண்ணைத் தொழிலாளியின் வழக்கில், மற்ற குற்றங்களுக்கு மாநிலங்கள் வழக்கறிஞரைத் தர வேண்டிய கட்டாயமில்லை, எழுத்தறிவின்மை, மனநலக் குறைவு போன்ற சிறப்புச் சூழ்நிலை இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். கிடியன் உடைத்ததாகச் சொல்லப்படும் கட்டடம் பில்லியர்ட்ஸ் கூடமாக இல்லாமல் ஒரு தபால் நிலையமாக இருந்திருந்தால், அது கூட்டரசுக் குற்றம். கூட்டரசு நீதிமன்றத்தில் அவர் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்திருப்பார். பூட்டை உடைத்த கை ஒன்றுதான், போன காசும் அதே ஐந்து டாலர்தான், ஆனால் உடைத்த கதவு யாருடையது என்பதை வைத்து ஒருவனுக்கு வழக்கறிஞர் உண்டு, மற்றவனுக்கு இல்லை. சட்டம் படிக்கும் எனக்கே இது ஏற்றுக்கொள்ளக் கடினமாக இருக்கிறது. சிறைகளிலேயே சட்டம் கற்றுக்கொண்ட கிடியனுக்கு இது நியாயமாகப் படாததில் வியப்பில்லை.

ஆக, அவரே தனக்கு வழக்கறிஞர் ஆனார். ஆறு பேர் கொண்ட ஜூரியின் முன் எழுந்து பேசினார். (நம் நாட்டில் ஜூரி முறை 1995இல் ஒழிக்கப்பட்டுவிட்டதால் நம் தலைமுறைக்கு இது படத்தில் பார்க்கும் காட்சிதான்.) சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். தன் தரப்புச் சாட்சிகளையும் அழைத்தார். நீதிபதியும் இயன்றவரை உதவினார். ஆனால் எதைக் கேட்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. கண்ணால் கண்டதாகச் சொன்ன அந்த இளைஞரிடம், முன்பு குற்றத் தீர்ப்புக்கு ஆளானதுண்டா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்ததற்குப் போய்விட்டார். டாக்சி ஓட்டுநர் வந்து, தன்னை ஏற்றிச் சென்றதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கிடியன் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். ஜூரிக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்திருக்கும். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஆகஸ்டு 25ஆம் தேதி, சட்டம் அனுமதித்த உச்ச அளவான ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ரெய்ஃபர்ட் சிறையில் இருந்தபடி முதலில் புளோரிடா உச்ச நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு அனுப்பினார். அது தள்ளுபடியானது. மாநில ஏணியின் கடைசிப் படி அதுதான். 1962 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். சிறையில் தரும் கோடு போட்ட தாளில், பென்சிலால், எழுத்துப் பிழைகளோடு. வசதி உள்ளவர்கள் அந்த நீதிமன்றத்துக்கு மனுவை முறைப்படி அச்சிட்டுப் பல படிகள் கொடுக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். ஏழை என்று உறுதிமொழி தருபவருக்கு இரண்டிலிருந்தும் விலக்கு உண்டு. கிடியன் கேட்டது ஒன்றே ஒன்று. நான் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்று அவர் மனுவில் வாதாடவில்லை. சாட்சி பொய் என்றும் சொல்லவில்லை. வழக்கறிஞர் கேட்டேன், தரவில்லை, அது அரசமைப்புக்கு எதிரானது. அவ்வளவுதான். இந்த இடத்தில் அவருடைய புத்தியை நான் மெச்சுகிறேன். உச்ச நீதிமன்றம் சாட்சியங்களை மறுபடி எடைபோடும் இடம் அல்ல. அங்கே சட்டக் கேள்விக்குத்தான் மதிப்பு. எத்தனையோ படித்தவர்களுக்குப் புரியாத இதை, எட்டாம் வகுப்புப் படித்த கைதி புரிந்துகொண்டிருந்தார்.

அந்த நீதிமன்றம் தனக்கு வரும் எல்லா மனுக்களையும் விசாரிப்பதில்லை. ஒன்பது நீதிபதிகளில் குறைந்தது நான்கு பேர் விரும்பினால்தான் ஒரு வழக்கு விசாரணைக்கு எடுக்கப்படும். கைதிகள் அனுப்பும் மனுக்களில் ஆகப் பெரும்பாலானவை ஒரே வரியில் நிராகரிக்கப்படும். 1962 ஜூன் 4ஆம் தேதி கிடியனின் மனு ஏற்கப்பட்டது. 1942ஆம் ஆண்டின் பெட்ஸ் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டுமா என்பதையும் சேர்த்து வாதிடுமாறு நீதிபதிகள் இரு தரப்புக்கும் சொன்னார்கள். ஒரு கேள்விக்காகத் தங்கள் பழைய தீர்ப்பையே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்கள்.

மாநில நீதிமன்றத்தில் கிடைக்காத வழக்கறிஞர் இப்போது கிடைத்தார். அவரும் சாதாரண ஆள் அல்லர். வாஷிங்டனின் முன்னணி நிறுவனம் ஒன்றின் பங்குதாரரான ஏப் ஃபோர்டாஸை நீதிமன்றமே நியமித்தது. இதற்குக் கட்டணம் கிடையாது. ஃபோர்டாஸ் முதலில் கிடியனின் வாழ்க்கையைப் பற்றி எழுதி அனுப்பச் சொன்னார். வந்த பதில் கடிதம் 22 பக்கம். பிறந்தது முதல் பட்டது எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதியிருந்தார் கிடியன். நான் மேலே சொன்ன அவருடைய இளமைக் கால விவரங்களில் பல அந்தக் கடிதம் வழியாகத்தான் உலகுக்குத் தெரிந்தன.

ஃபோர்டாஸுக்காக ஆய்வு செய்து குறிப்புகள் எழுதியவர்களில் ஒருவர், விடுமுறைக்கால வேலைக்கு வந்திருந்த ஏல் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் ஜான் ஹார்ட் ஈலி. பிற்காலத்தில் அவர் பெரிய அரசமைப்பு அறிஞரானார். விடுமுறைப் பயிற்சியில் நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நிற்கும் நம்மவர்கள் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

எதிர்த்தரப்பில் புளோரிடாவுக்காக வந்தவர் புரூஸ் ஜேக்கப். முப்பது வயதைக்கூட எட்டாதவர். உச்ச நீதிமன்றத்தில் அதற்குமுன் வாதாடியதே இல்லை. அவர் ஒன்று செய்தார். எங்கள் மாநிலத்தின் பக்கம் நில்லுங்கள் என்று மற்ற மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். அலபாமாவும் வட கரோலினாவும் மட்டும் ஆதரித்தன. மின்னசோட்டாவின் தலைமை வழக்கறிஞர் வால்டர் மொண்டேல் இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தார். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்து, ஏழைக்கு வழக்கறிஞர் தரத்தான் வேண்டும் என்று கிடியனுக்கு ஆதரவாக மனு தாக்கல் செய்தன. அந்த மொண்டேல்தான் பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரானார்.

ஜேக்கப்பின் வாதத்தை அற்பமானது என்று தள்ளிவிட முடியாது. மாநிலங்கள் தங்கள் நீதிமன்றத்தைத் தாங்களே நடத்திக்கொள்ளட்டும், எல்லாவற்றையும் வாஷிங்டனிலிருந்து திணிப்பது கூட்டாட்சியா என்பது ஒன்று. புளோரிடா சிறைகளில் இருந்த சுமார் 8,000 பேரில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் வழக்கறிஞர் இல்லாமலே தண்டிக்கப்பட்டவர்கள், அத்தனை பேரையும் வெளியே விடுவதா என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வாதம் அவருக்கே பகையானது என்று எனக்குத் தோன்றுகிறது. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று எதிர்த்தரப்பே எண்ணிக் காட்டியதுபோல் ஆகிவிட்டது.

ஃபோர்டாஸ் எடுத்த வழியும் கவனிக்கத்தக்கது. கிடியன் நோயாளி, படிக்காதவர், ஆகவே சிறப்புச் சூழ்நிலை உண்டு என்று சொல்லி இந்த ஒருவரை மட்டும் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. ஒரு சாதாரண மனிதனால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நன்றாகவே கிடியன் வாதாடினார், அப்படியும் அது போதவில்லை என்றார். 1963 ஜனவரி 15ஆம் தேதி வாய்மொழி வாதத்தின்போது கிளாரன்ஸ் டாரோவை எடுத்துக்காட்டினார். டாரோ அமெரிக்காவின் மிகப் பெரிய குற்றவியல் வழக்கறிஞர். அவர்மீதே ஒருமுறை வழக்கு வந்தபோது அவர் செய்த முதல் வேலை தனக்கு ஒரு வழக்கறிஞரைத் தேடியதுதான்.

மார்ச் 18ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவு. 1868இல் சேர்க்கப்பட்ட பதினான்காம் திருத்தம் மாநிலங்களையும் முறையான சட்ட நடைமுறைக்குக் கட்டுப்படுத்துகிறது, வழக்கறிஞர் இல்லாத விசாரணை முறையான விசாரணை ஆகாது, ஆகவே மாநில நீதிமன்றங்களும் ஏழைக்கு வழக்கறிஞரைத் தரவேண்டும் என்றது தீர்ப்பு. அதை எழுதியவர் ஹியூகோ பிளாக். பெட்ஸ் வழக்கில் 1942லேயே மாறுபட்ட கருத்து எழுதித் தோற்றவர் அவர். இருபத்தோரு ஆண்டுகள் காத்திருந்து, அதே கருத்தை நாட்டின் சட்டமாக எழுதும் வாய்ப்பைப் பெற்றார்.

பலர் கதையை இதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கோ இதற்குப் பிறகு நடந்ததுதான் அதிகம் பிடிக்கும்.

தீர்ப்பு கிடியனை விடுதலை செய்யவில்லை. மறுபடி விசாரிக்கச் சொன்னது, அவ்வளவே. அவர் மீண்டும் பனாமா சிட்டிக்குக் கொண்டுவரப்பட்டார். அதே நீதிபதி. இப்போது அவர் பெயர் நாடறிந்த பெயர். குடிமை உரிமை அமைப்பு ஒன்று அனுபவமுள்ள வழக்கறிஞர்களை அனுப்பி வைத்தது. கிடியன் அவர்களை வேண்டாம் என்றுவிட்டார்! வழக்கறிஞர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனவர், வந்த வழக்கறிஞர்களைத் திருப்பி அனுப்பினார் என்றால் சிரிப்பு வரும். ஆனால் அவர் கேட்டது உள்ளூர் ஆளை. ஃபிரெட் டர்னர் என்ற பனாமா சிட்டி வழக்கறிஞர்தான் வேண்டும் என்றார். நீதிபதியும் ஒப்புக்கொண்டு நியமித்தார்.

கிடியன் தானே எழுதி வைத்திருந்த மனுக்களைப் பெட்டி நிறைய தூக்கிக்கொண்டு டர்னரிடம் வந்தாராம். இதையெல்லாம் மூட்டைகட்டி வைத்து, வழக்கை என்னிடம் விட்டுவிடுவதாக இருந்தால்தான் நான் வருவேன் என்று டர்னர் நிபந்தனை போட்டார். பிறகு பல நாள் அந்தப் பகுதியில் அலைந்து, ஆட்களைப் பார்த்து விசாரித்தார். இரண்டாண்டு சிறையில் இருந்தவரால் செய்ய முடியாத வேலை அது.

1963 ஆகஸ்டு 5ஆம் தேதி மறுவிசாரணை. அதே இளைஞர் சாட்சிக் கூண்டில். முன்பு தண்டிக்கப்பட்டதில்லை என்று அவர் சொன்னதை டர்னர் அப்படியே விடவில்லை. கார் திருட்டு வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் காவலில் இருந்தவர் என்பது வெளியே வந்தது. திருட்டைக் கண்ணால் பார்த்தவர் உடனே போலீசை ஏன் அழைக்கவில்லை, விடியற்காலையில் அங்கே அவருக்கு என்ன வேலை என்று கேள்விமேல் கேள்வி. கூடத்தை உடைத்த கூட்டத்துக்கு அந்த இளைஞரே காவல் நின்றிருக்கலாம் என்ற ஐயத்தை ஜூரியின் மனத்தில் விதைத்தார்.

டாக்சி ஓட்டுநரும் வந்தார். யாரிடமும் சொல்லாதே என்று கிடியன் கேட்டுக்கொண்டாரா? ஆமாம். முன்பு இந்த இடத்தில்தான் கிடியன் வீழ்ந்தார். டர்னர் இன்னும் ஒரு கேள்வி கேட்டார். வேறு நாள்களிலும் அப்படிச் சொன்னதுண்டா? எப்போது ஏறினாலும் அப்படித்தான் சொல்வார் என்றார் ஓட்டுநர். மனைவியோடு தகராறு, அவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவனைச் சிறைக்கு அனுப்ப உதவிய சாட்சியம், ஒரே ஒரு கூடுதல் கேள்வியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. பை நிறைய சில்லறை எப்படி வந்தது என்பதற்கு, நான் சூதாடுகிறவன் என்று கிடியனே கூண்டில் ஏறிச் சொன்னார். ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, குற்றவாளி அல்ல என்றது.

வழக்கறிஞரைத் தேடும்போது பெரிய பெயரா, வழக்கு நடக்கும் இடத்தை அறிந்தவரா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இந்த டாக்சிக் கதையைத்தான் சொல்கிறேன். உச்ச நீதிமன்றத்தில் ஃபோர்டாஸ் தேவைப்பட்டார். பனாமா சிட்டியில் டர்னர் தேவைப்பட்டார். இடம் மாறியிருந்தால் இருவருமே திணறியிருக்கலாம். அமெரிக்காவில் இது வெறும் அனுபவம் பற்றிய பேச்சும் இல்லை. அங்கே வழக்கறிஞர் உரிமத்தை வழங்குவது மாநிலம். கூட்டரசு நீதிமன்றத்தில் வாதாட அந்த நீதிமன்றத்தில் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் பதிய, ஒரு மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றத்தில் குறைந்தது மூன்றாண்டு தகுதி வேண்டும். ஆகவே கூட்டரசு வழக்கில் சிக்கியவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த நீதிமன்றத்தில் பதிந்திருக்கிறீர்களா, இங்கே வழக்கு நடத்தியிருக்கிறீர்களா என்பதைத்தான்.

பணம் இல்லாதவர்களுக்கு? கிடியனின் தீர்ப்பு வந்த 1963லேயே புளோரிடா அரசு ஏழைகளுக்கென்று அரசு வழக்கறிஞர் அலுவலகங்களை ஏற்படுத்தியது. கூட்டரசு நீதிமன்றங்களில் ஏழைக்கு வழக்கறிஞர் உண்டு என்று 1938லேயே சொல்லிவிட்டார்கள் அல்லவா, ஆனால் அப்படி நியமிக்கப்பட்டவர்களுக்கு ஊதியம் தர 1964இல்தான் சட்டம் வந்தது. அதுவரை தர்மத்துக்கு வாதாடினார்கள். இன்று அங்கே கூட்டரசுக் குற்றம் சாட்டப்பட்டு வசதியில்லாதவருக்கு, அரசு ஊதியம் பெறும் தற்காப்பு வழக்கறிஞரோ நீதிமன்றப் பட்டியலில் உள்ள தனியார் வழக்கறிஞரோ நியமிக்கப்படுவார். யார் வரவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. அந்த வகையில் கிடியன் கொடுத்துவைத்தவர். கடன், குடும்பம், வாடகை போன்ற உரிமையியல் வழக்குகளுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. நியமிக்கப்படும் வழக்கறிஞர்களின் மேசையில் கோப்புகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன என்ற குறையும் அங்கே அறுபது ஆண்டுகளாக ஓயவில்லை.

நம் அரசியலமைப்பின் ஐந்தாவது பிரிவு, கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து தற்காத்துக்கொள்ள அனுமதிக்கிறது. செலவை யார் ஏற்பது என்பதை அது சொல்லவில்லை. வசதி குறைந்தவர்களுக்காகச் சட்ட உதவித் துறை இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன, 2011இல் தேசிய சட்ட உதவி அறவாரியமும் அமைக்கப்பட்டது. இவை இருப்பதே தெரியாமல் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. பக்கத்து வீட்டில் யாரையாவது போலீஸ் அழைத்துப் போனால் இந்த மூன்று பெயர்களையாவது சொல்லி வையுங்கள்.

கிடியனின் தீர்ப்புக்குப் பிறகு புளோரிடாவில் மட்டும் சுமார் 2,000 கைதிகள் வெளியே வந்தார்கள். ஃபோர்டாஸ் 1965இல் அதே உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியானார். எதிர்த்து வாதாடிய ஜேக்கப் சட்டப் பேராசிரியராகி, ஏழைக் கைதிகளுக்குச் சட்ட உதவி செய்யும் பணியில் இறங்கினார். கிடியனைப் பற்றி 1964இல் ஆன்டனி லூயிஸ் எழுதிய புத்தகம் வந்தது. 1980இல் வந்த படத்தில் ஹென்றி ஃபோண்டா கிடியனாக நடித்தார். அந்தப் படத்தைப் பார்க்கக் கிடியன் இல்லை. விடுதலைக்குப் பின் அவருடைய வாழ்க்கையில் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. வறுமை கடைசிவரை கூடவே இருந்தது. 1972 ஜனவரி 18ஆம் தேதி, 61ஆம் வயதில், புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் காலமானார். உடல் பிறந்த ஊரான ஹானிபலுக்குக் கொண்டுபோய்ப் புதைக்கப்பட்டது. கல்லறையில் பெயர்கூட இல்லை. அவர் ஒருமுறை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய வழக்கறிஞர்களின் அமைப்புதான், பல ஆண்டுகள் கழித்து அங்கே ஒரு கல்லை நட்டு அவர் பெயரைப் பொறித்தது.